சில்வண்டின் சட்டை

பூச்சிகளின் சங்கீத விருது விழா அன்று. மேடை வரைக்கும் செம்பருத்தி இதழ்களைச் சிவப்புக் கம்பளமாக விரித்திருந்தார்கள். இன்றைக்கு ஒருநாள் யாரையும் தின்பதில்லை என்று வாக்குக் கொடுத்துவிட்டு, சுவரில் ஒட்டிக்கொண்டு எல்லோருடைய உடுப்பையும் விமர்சனம் செய்துகொண்டிருந்தது பல்லி.

பொன்வண்டு மின்னிக்கொண்டு வந்தது. "ச்சு! நகைக்கடையையே மாட்டிக்கிட்டு வந்துட்டா" என்றது பல்லி. பட்டாம்பூச்சி வந்தது. "ச்சு! ஜன்னல் திரையை வெட்டித் தைச்சதா?" பக்கத்திலிருந்த அந்துப்பூச்சி விழுந்து விழுந்து சிரித்தது.

கடைசியாக, விருது வாங்கவேண்டிய பாடகன் சில்வண்டு வந்தான். பழைய தோல் முதுகில் பாதி உரிந்தும் உரியாமலும் தொங்கியது. சிரிக்கத் தயாராக எல்லோரும் பல்லியைப் பார்த்தார்கள்.

"என்னப்பா இது, கிழிஞ்ச சட்டையோடவா மேடை ஏறப்போறே?"

சில்வண்டு தலையைக் குனிந்துகொண்டான். "புதுசு உள்ள இருக்கு அக்கா. முதுகுப் பக்கம் எனக்கு எட்டல. கொஞ்சம் இழுத்துவிடுறீங்களா?"

பல்லிக்குச் சுரீரென்றது. அதுவும் தோல் உரிக்கிற பிராணிதான். கழுத்தில் ஒட்டியதைச் சுவரில் தேய்த்துத் தேய்த்துத் தனியாகவே கழற்றிப் பழகியது.

இறங்கி வந்து வாயைத் திறந்தது. கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டது. சில்வண்டு மட்டும் நம்பி முதுகைக் காட்டி நின்றான். பல்லி தோலை மட்டும் மெதுவாகக் கவ்வி இழுத்தது. ஈரம் காயாத பச்சைச் சிறகுகள் விரிந்தன.

அவன் கம்பளத்தில் நடந்து போனான். "சொல்லேன், எப்படியிருக்கான்?" என்று நச்சரித்தது அந்துப்பூச்சி.

பல்லியால் ஒன்றும் சொல்ல முடியவில்லை. வாய் நிறையப் பழைய சட்டை.