ஏழு நாப்பது பஸ்

சாளை மீனுக்குச் செதில் உரசிக்கிட்டு இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை. வாசல்ல வந்து நின்னா உமைரா. பக்கத்துச் சந்துப் பொண்ணு, காலேஜ்ல படிக்கா.

"ரீனாக்கா, காலேஜ் சர்வே. நம்ம சீத்தா கேம்ப்ல இருந்து ஸ்டேஷனுக்குப் போற மினி பஸ் எப்படி? திருப்தியா, இல்லையா?"

வேற நாளா இருந்தா சிரிச்சிட்டு உள்ள போயிருப்பேன். எனக்கு நாலு பேர் முன்னாடி வாயே வராது. ஆனா நேத்து அந்த பஸ்ஸாலதான் ட்ரெயினை விட்டுட்டு வேலைக்கு லேட்டாப் போய், சூப்பர்வைசர் வாசல்லயே நிறுத்தி ஏசிட்டான். இன்னொரு நாள் லேட்டானா வீட்டோட இருந்துக்கோன்னுட்டான்.

"திருப்தியா? கேவலம்னு எழுது!"

"மெதுவாக்கா, எழுதணும்ல."

"ஏழு நாப்பது பஸ். என்னைக்காவது ஏழு நாப்பதுக்கு எடுத்திருக்கானா அந்த டிரைவர்? நான் பிள்ளையத் தூக்கிக்கிட்டு மூச்சு வாங்க ஓடிப் போறேன், அப்பவும் அங்கனயே நிக்கான். உள்ள எல்லாரும் ஏசுதாங்க. ரோஷமே இல்லாம கண்ணாடியப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கான்!"

"இதையேதான் பதினோரு பேர் சொல்லிட்டாங்க. ஆனா அவர் காண்ட்ராக்ட் டிரைவர்க்கா. இன்னும் ஒரு புகார் போனா வேலைய விட்டு எடுத்துருவாங்க. எழுதவா?"

"எழுது. போனாத்தான் புத்தி வரும்."

மீன் கைய நைட்டியில துடைச்சிட்டுக் கையெழுத்தும் போட்டேன். கோணல் எழுத்துதான். ஆனா தாள் கிழியற மாதிரி அழுத்திப் போட்டேன்.

உமைரா தாளைப் பைக்குள்ள வச்சா. "அந்த டிரைவர் ஜெயினுலாப்தீன் பாய்கிட்டயும் கேட்டேன்க்கா. யாரோ ஒரு பொண்ணுக்காகத்தான் நிறுத்துறாராம்."

எனக்கு இன்னும் கோவம் ஏறிடுச்சு.

"ஒருத்திக்காகவா? அவ என்ன மகாராணியா? அவ சீவிச் சிங்காரிச்சு வர்ற வரைக்கும் நாங்க காத்துக் கெடக்கணுமா? யாருன்னு காட்டு. நாலு கேள்வி கேக்கேன்."

"பேரெல்லாம் அவருக்குத் தெரியாதாம். போன மழைக்காலத்துல ஒரு நாள் சரியா ஏழு நாப்பதுக்கு எடுத்துட்டாராம். பின்னாலயே ஓடி வந்த பொண்ணு, கைப்பிள்ளையோட சேத்துல விழுந்துச்சாம். கண்ணாடியில பாத்திருக்கார். அன்னையில இருந்து, அது ஏறாம வண்டிய எடுக்கிறதில்லயாம்."

சொல்லிட்டு அடுத்த வீட்டுக்கு நடந்துட்டா.

என் முழங்கால்ல அந்தத் தழும்பு இன்னும் இருக்கு.

"ரீனா!" மாடியில இருந்து என் வீட்டுக்காரர் கத்தினார். "பிள்ள முழிச்சிட்டான், வந்து தூக்கு!"

"உமைரா, நில்லு! அந்தத் தாளைக் குடு, அந்தப் பொண்ணு நான்தான்!"