சுத்தத் தொட்டி

“ரெண்டு தொட்டியிலயும் ஒண்ணுகூட மிஞ்சல. அப்புறம் எங்க துணி மேல என்ன குத்தம்?”

துணிக் கம்பெனி மேலாளர் கால்மேல் கால் போட்டுக்கொண்டார். அது கிருமி கொல்லும் துணி; கண்ணுக்குத் தெரியாத வெள்ளித் துகள் பூசியது. மேசை துடைக்க, கண்ணாடி துடைக்க என்று வீட்டுக்கு வீடு அதுதான். அலசிய தண்ணீர் சாக்கடை வழியே கழிமுகத்துக்குப் போய்ச் சிப்பிக் குஞ்சுகளைக் கொல்கிறது என்பது ஆராய்ச்சிக்காரியின் வழக்கு. வெள்ளி நூலோடு ஒட்டியது ஒட்டியதுதான், ஒரு துகளும் கழன்று வராது என்பது மேலாளரின் சத்தியம்.

அதைத் தீர்க்கத்தான் இந்தச் சோதனை. ஒரே கடல்நீர், ஒரே நாளில் பொரித்த குஞ்சுகள், இரண்டு தொட்டிகள். ஒன்றில் துணி அலசிய தண்ணீரைக் கலந்தார்கள். மற்றது வெறும் கடல்நீர். முதல் தொட்டியில் குஞ்சுகள் சாக வேண்டும், சுத்தத் தொட்டியில் பிழைக்க வேண்டும். அப்போதுதான் துணிக்குத் தடை.

இப்போதோ இரண்டிலும் சாவு.

அந்தக் கழிமுகத்துச் சிப்பிப் பண்ணை ஆராய்ச்சிக்காரியின் அண்ணியுடையது. விட்ட குஞ்செல்லாம் செத்து, சிப்பி வளர்க்கும் கயிறுகள் வெறுமனே தொங்குகின்றன. இன்றைக்குத் தடை வராவிட்டால் பண்ணையை இழுத்து மூட வேண்டியதுதான். சேற்றுக் காலோடு பக்கத்தில் உட்கார்ந்திருந்த அண்ணி அவள் காதைக் கடித்தாள்.

“உன் படிப்ப நம்பித்தான் வந்திருக்கேன். திருதிருன்னு முழிக்காம ஏதாவது பேசுடி.”

பேசிப் பார்த்தாள். அதே வெறும் கடல்நீரில் விட்ட மிச்சக் குஞ்சுகள் வெளியே டிரம்மில் நீந்திக்கொண்டிருக்கின்றன என்றாள். அவர்கள் டிரம்முக்கு அவர்களே சாட்சியா, வேலிக்கு ஓணான் சாட்சி சொன்ன கதைதான் என்று மேலாளர் சிரித்தார். சுற்றுச்சூழல் அதிகாரியும் முடிவை எழுதப் பேனாவை எடுத்துவிட்டார்.

சுத்தத் தொட்டி இருந்த அறைக்குள் யார் யார் போனார்கள் என்று மட்டும் அவள் கேட்டாள்.

“நான் மட்டும்தான்,” என்றார் மேலாளர். “சாவிய நானே கேட்டு வாங்கினேன். இவங்க அதுல மருந்து கிருந்து கலந்து குஞ்சுகளப் பொழைக்க வெச்சுட்டா? ஒரு ஈ காக்கா உள்ள போகல சார்.”

பூட்டிய அறை, தூசு தும்பு விழுந்திருக்குமோ என்றார் அதிகாரி. மேலாளருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

“என் பொறுப்புல இருந்த தொட்டியிலயா? தெனமும் தண்ணிக்குள்ள கையவிட்டு, உள்சுவர்ல பாசி படியாம நானே துடைச்சிருக்கேன்.”

“எதால சார் துடைச்சீங்க?” என்றாள் அவள், மெதுவாக.

“வேற எதால? எங்க துணியாலதான். தெனம் ஒரு புதுத் துணி.”

அதிகாரியின் பேனா அந்தரத்தில் நின்றது. அண்ணிதான் முதலில் சிரித்தாள்.

“அப்படியே எழுதிக்குங்க சார். இங்க இருந்தது ரெண்டுமே துணித் தொட்டிதான்.”