பழைய மேனேஜர்

ஃபிரிட்ஜின் மேல் இருந்த போன் அடித்ததும் வீடே கப்சிப் ஆனது.

அவன் வாயில் பிரஷ்ஷோடு ஓடி வந்தான். மனைவி தையல் மெஷினை நிறுத்தி, உதட்டில் கவ்வியிருந்த குண்டூசிகளை எடுத்து வைத்தாள்.

அது அவளுடைய போன் இல்லை. அவனுடையதும் இல்லை. பழைய மேனேஜருடைய போன்.

பழைய மேனேஜர் என்று ஒருவர் உண்மையிலேயே இருந்தார். அவன் வேலை பார்த்த குளிர்பதனக் கிடங்கை இழுத்து மூடிய அன்றே அவரும் போனை அணைத்துவிட்டுக் காணாமல் போனார். விண்ணப்பம் போட்ட இடத்திலெல்லாம் முந்தைய மேலதிகாரியின் எண்ணைக் கேட்டார்கள். அவன் புது சிம் ஒன்று வாங்கி மனைவியை மேனேஜர் பதவியில் அமர்த்தினான்.

அவளும் ஏனோதானோவென்று ஏற்றுக்கொள்ளவில்லை. தைத்த துணியைக் குறை சொல்லித் திருப்பிக் கொண்டுவரும் வாடிக்கையாளர்களிடமிருந்து மேனேஜருக்கான குரலை எடுத்துக்கொண்டாள். அவன் தினமும் விண்ணப்பம் போட்டான். அவள் தினமும் குரலைத் தயார் செய்து வைத்தாள். போன் மட்டும் அடித்தபாடில்லை.

இன்றுதான் அடித்தது. ஐஸ்கிரீம் கிடங்கிலிருந்து பேசுவதாக ஒரு பெண் சொன்னாள். இதுவும் கைவிட்டுப் போனால் அந்த ஊரில் விண்ணப்பிக்க வேறு கிடங்கு இல்லை.

மனைவி ஸ்பீக்கரில் போட்டாள்.

ஆள் பொறுப்பானவரா மேடம் என்று முதல் கேள்வி வந்தது.

கதவை யாராவது ஒரு நிமிஷம் திறந்து வைத்தால் போதும், தூக்கத்திலிருந்து எழுந்து வந்து மூடுவார் என்றாள் மனைவி. அவன் தூங்குவது மேனேஜருக்கு எப்படித் தெரியும் என்று அவன் பதறிக் கையை ஆட்டினான். அந்தப் பக்கம் எதையோ குறித்துக்கொள்ளும் சத்தம் கேட்டது.

குறை ஏதாவது உண்டா மேடம்?

கல்யாணமான நாளிலிருந்து யாரும் அவளிடம் கேட்காத கேள்வி அது.

அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். சொன்ன சாமானைத் தவிர மற்ற எல்லாவற்றையும் வாங்கி வருவார். உடம்புக்கு முடியவில்லை என்றால் வாயைத் திறக்க மாட்டார், நாமாகக் கண்டுபிடிக்க வேண்டும். தப்பை ஒத்துக்கொள்வார், ஆனால் ஆற அமர ஒரு வாரம் கழித்து.

அவன் பிரஷ்ஷோடு சேர்த்துக் கையெடுத்துக் கும்பிட்டான். அவள் கண்டுகொள்ளவில்லை. மேனேஜர்கள் கண்டுகொள்வதில்லை.

கடைசிக் கேள்வியை அந்தப் பெண் தாளைப் பார்த்து ஒப்பிப்பதுபோல் கேட்டாள். வாய்ப்பு வந்தால் இவரைத் திரும்பவும் எடுத்துக்கொள்வீர்களா?

இதற்கு அவர்கள் ஒத்திகை பார்த்திருந்தார்கள். நிச்சயமாக என்று ஒரே சொல்தான் பதில்.

அவள் வாயைத் திறந்தாள். பிறகு அவனைப் பார்த்தாள். நேர்காணலுக்கென்று இருந்த ஒரே சட்டையைத் துவைத்துப் போட்டுவிட்டு, பனியனோடு, கடைவாயில் நுரையோடு நின்றான்.

வேலை போனதிலிருந்து அவளிடம் கேட்கத் துணியாமல் அவன் விழுங்கிக்கொண்டிருந்ததும் இதே கேள்விதான். பதில் வரத் தாமதமான அந்தக் கொஞ்ச நேரத்தில் அவனுக்குக் கிடங்கும் மறந்துபோனது, சம்பளமும் மறந்துபோனது. பயமாக இருந்தது.

"நான் எங்கங்க அவரை அனுப்பினேன்? இந்தா, எதிர்லதானே நிக்கிறாரு."

அது மேனேஜரின் குரல் இல்லை.

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். அவன் வாயிலிருந்த நுரையை அப்படியே விழுங்கினான்.

அந்தப் பக்கம் வார்த்தைக்கு வார்த்தை மேடம் போட்டுக்கொண்டிருந்தவள் தொண்டையைச் செருமினாள்.

"சரிங்கக்கா. திங்கக்கிழமை வரும்போது மறக்காம ஸ்வெட்டர் எடுத்துட்டு வரச் சொல்லுங்க."