எப்பவும் போல

கடலூர்த் துறைமுகத்தை அனந்தமதி அதுவரை பார்த்ததே இல்லை. ஒரு நாளாவது அடுப்படியில் நிற்காமல் இருக்க வேண்டும் என்றுதான், புருஷன் ஜீவராஜிடம் சொல்லிவிட்டுச் செஞ்சியில் தனியாகப் பஸ் ஏறினாள்.

படகுகளைப் பார்த்தாள். கலங்கரை விளக்கத்தைப் பார்த்தாள். வெயிலில் கால் கடுத்தது. ஜைன வீட்டுப் பழக்கம், இருட்டினால் வாயில் எதுவும் வைக்க மாட்டாள். பொழுது இருக்கும்போதே ஒரு சின்ன ஓட்டலில் உட்கார்ந்தாள்.

அவள் கேட்பதற்கு முன்பே கடைக்காரம்மா இலை போட்டாள். "வெங்காயம், பூண்டு இல்லாம எப்பவும் போல தனியா எடுத்து வச்சிருக்கேன். தெனம் சீக்கிரமே வந்துடுவியே, இன்னிக்கு ஏம்மா லேட்டு?"

நான் வேறு ஆள் என்று சொல்வதற்குக்கூட அலுப்பாக இருந்தது.

"ஆமாக்கா, லேட்டாயிடுச்சு" என்று சொல்லிவிட்டுச் சாப்பிட்டாள்.

செஞ்சிக்குத் திரும்பும்போது இருட்டிவிட்டது. கதவைத் தட்டினாள். ஜீவராஜ் திறந்து, மரியாதையாகக் கேட்டான்.

"யாருங்க வேணும்?"

அவனுக்குப் பின்னால் அடுப்படியில் விளக்கு எரிந்தது. யாரோ பாத்திரம் கழுவிக் கவிழ்க்கும் சத்தம் வந்தது. பிறகு அனந்தமதியின் குரலிலேயே ஒரு கேள்வி வந்தது.

"இன்னாங்க, யாரு வாசல்ல?"

"யாரோ கடலூர்க்காரங்க."

"பாவம், கடைசி பஸ்ஸ விட்டுடப் போறாங்க. சீக்கிரம் அனுப்பி வைங்க" என்றது அந்தக் குரல், அடுப்படியை விட்டு வெளியே வராமலே.