நின்றுபோன மருந்து

குலேந்திரன் கத்திக்கொண்டிருந்தான். சியாமளா அவன் முகத்தைப் பார்க்கவே இல்லை. அவள் பார்வை மேசையிலிருந்த தொலைபேசியை விட்டு நகரவில்லை.

"நான் கதைக்கிறது உங்களுக்குக் கேக்குதோ, இல்லையோ?"

"கேக்குது சார். பதில் அதேதான். நிதியை நிறுத்தினது நிறுத்தினதுதான்."

கனடாவில், மொன்றியல் டவுன்டவுனில், பழைய கட்டடம் ஒன்றின் மேல்மாடியில் இருந்தது அந்த நிவாரண நிறுவனம். போர் நடக்கும் நாடுகளுக்கென்று அரசாங்கமும் தேவாலயங்களும் கொடுக்கிற பணம் எங்கே போகிறது, போய்ச் சேருகிறதா என்று பார்ப்பது சியாமளாவின் வேலை. சென்னையிலிருந்து வந்து இங்கேயே படித்து, இங்கேயே வேலையில் அமர்ந்தவள்.

குலேந்திரன் மட்டக்களப்புக்காரன். ரெஸ்டோரன்ட் சமையலறையில் வேலை. மிச்ச நேரமெல்லாம் ஊர்ச் சங்கம். வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரையில், அவனுடைய அக்கா சீதேவி தாதியாக இருந்த சின்ன மருந்தகத்துக்கு இந்த நிதியைக் கெஞ்சிக் கூத்தாடி வாங்கிக் கொடுத்ததே அவன்தான். இரண்டு வருஷம் மருந்து ஒழுங்காகப் போனது. தொண்ணூற்றேழு பிறந்ததும் காரணம் சொல்லாமல் நிறுத்திவிட்டார்கள்.

"களவு போச்சோ? ஆரும் வித்துத் திண்டவையோ? என்ன குற்றத்தைக் கண்டனீங்கள்?"

"அதை இப்ப சொல்ல முடியாது."

"சொல்ல ஏலாது. நீங்கள் ஹீட்டரைப் போட்டுக்கொண்டு இஞ்ச இருங்கோ. அங்க பிள்ளை பெற வாற பொம்பிளைக்கு ஒரு ஊசி இல்ல. பாம்பு கடிச்சா அவ்வளவுதான்."

"இதையெல்லாம் ரேடியோலயும் சொன்னீங்க. கேட்டேன். என் பேரையும் சேர்த்துதான் சொன்னீங்க."

"இன்னும் சொல்லுவன். எங்கட சனம் செத்தா இந்த இந்தியாக்காரிக்கு என்ன எண்டு சொல்லுவன்."

சியாமளாவின் முகம் சிவந்தது. மறுபடி தொலைபேசியைப் பார்த்தாள்.

அப்போது, சாத்தியிருந்த உள்ளறையில் யாரோ இருமினார்கள்.

"ஓகோ. உங்கட டைரக்டர் செலீன் உள்ளுக்க ஒளிச்சிருக்கிறாவோ? நான் அவவோடயே கதைக்கிறன்."

"செலீன் இன்னிக்கு வரல. உக்காருங்க."

அவன் உட்காரவில்லை. உள்ளறையை நோக்கி நடந்தான். ஜன்னலுக்கு வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. அறை வாசலில் மெல்லிய தோல்செருப்பு ஒரு சோடி கழற்றி வைக்கப்பட்டிருந்தது. போகிற வேகத்தில் அதைக் காலால் எத்திவிட்டான்.

சியாமளா ஓடிவந்து கதவுக்கு முன்னால் நின்றாள். குனிந்து செருப்பை எடுத்து, முன்பு இருந்த இடத்திலேயே வைத்தாள்.

"இன்னொரு அடி வச்சீங்கன்னா போலீஸைக் கூப்பிடுவேன்."

"கூப்பிடு. வரட்டும். என்ட அக்கா வெறும் அலுமாரியை வச்சுக்கொண்டு அங்க கிடந்து சாகிறா. இருக்கிறாவோ இல்லையோ எண்டுகூடத் தெரியாது. அவவுக்கு ஒண்டு நடந்தா நீதான் பொறுப்பு."

தொலைபேசி அடித்தது. முதல் மணி முடிவதற்குள் சியாமளா அதை எடுத்திருந்தாள். கொழும்பிலிருந்து அழைப்பு. "எல்லாரும் வந்தாச்சா? டிரைவரும்?" என்று ஆங்கிலத்தில் இரண்டு தடவை கேட்டாள். பிறகு ரிசீவரை வைத்துவிட்டு, கொஞ்ச நேரம் இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

"இப்ப சொல்றேன். கேட்டுக்கோங்க. உங்க மருந்தகத்துக்கு ரெண்டு பக்கத்து ஆயுதக்காரங்களும் வந்தாங்க. ஒருத்தர் மருந்தைக் கேட்டாங்க. இன்னொருத்தர், அவங்களுக்கு எதுக்குக் கொடுத்தேன்னு கேட்டாங்க. மருந்து போற வரைக்கும் அவங்க வந்துட்டேதான் இருப்பாங்க. அங்க ஒண்ணும் இல்லைன்னு எல்லாருக்கும் தெரியணும். தெரிஞ்சப்புறம்தான் வேலை செய்யறவங்களை ஒவ்வொருத்தரா வெளியே கொண்டுவர முடியும். நீங்க ரேடியோல என்னைத் திட்டினது அங்க வரைக்கும் போய், அதுக்கு ரொம்ப உதவிச்சு."

குலேந்திரன் மேசைக்கு அருகில் வந்தான்.

"ஜனங்க கஷ்டப்படுவாங்கன்னு தெரியும். தெரிஞ்சுதான் நிறுத்தினோம். முன்னாடியே உங்ககிட்ட சொல்லியிருந்தா, சாயங்காலத்துக்குள்ள மொன்றியல் முழுக்கப் பரவியிருக்கும். கடைசியா கிளம்பினவங்க இப்பதான் கொழும்பு வந்து சேர்ந்தாங்க."

"அப்ப அக்கா? அவவும் கொழும்பிலயோ?"

"நர்ஸைத்தான் ஆயுதக்காரங்க பேர் சொல்லித் தேடினாங்க." சியாமளா உள்ளறைக் கதவைப் பார்த்தாள். "உங்க அக்கா கொழும்புல இல்ல."

குலேந்திரனின் கை மேசை விளிம்பைத் தேடிப் பிடித்தது. குரல் உடைந்திருந்தது.

"அவவை விட்டிட்டு மற்றாக்களைக் கொண்டுவந்தனீங்கள், என்ன? இருந்த மருந்தையும் நிப்பாட்டிப்போட்டு... அங்க நிண்டு கஷ்டப்பட்ட ஒரு ஆளையாவது கேட்டனீங்களோ? ஆர் எடுத்த முடிவு இது? உள்ளுக்க இருக்கிற அந்த வெள்ளைக்காரி எடுத்ததோ?"

அவன் பாய்ந்துபோய்க் கதவைத் தள்ளினான். இந்தத் தடவை சியாமளா குறுக்கே வரவில்லை.

யாருடையதோ ஒரு பெரிய ஸ்வெட்டருக்குள், எலும்பும் தோலுமாக, சுவரைப் பிடித்துக்கொண்டு சீதேவி எழுந்து நின்றாள்.

"நான் எடுத்த முடிவு, தம்பி."