ஆள் எப்படி?

"அபிநயாவா? சரியான பிடிவாதக்காரி மேடம். மேனேஜ்மென்ட் என்ன சொன்னாலும் கேட்க மாட்டா!"

ஹெட்மிஸ்ட்ரஸ் ஜகதாம்பாள் இங்கிலீஷில்தான் பேசிக்கொண்டிருந்தார். குரல் வராந்தா வரைக்கும் கேட்டது.

கையெழுத்து வாங்க வந்த பர்வின் கதவுக்கு வெளியே அப்படியே நின்றாள். உள்ளே மேஜை மேல் ஸ்பீக்கரில் கிடந்தது செல்போன். எதிரே பள்ளிக்கூட முதலாளி அண்ணாதுரை.

"அவளால எனக்கு தினமும் ஒரு பிரச்சனை," என்றார் ஜகதாம்பாள்.

அண்ணாதுரை பெருவிரலை உயர்த்திக் காட்டினார்.

அதற்கு மேல் பர்வினுக்குப் பொறுக்கவில்லை. ஸ்டாஃப் ரூமுக்கு ஓடினாள்.

"அபி, மாலத்தீவுலேர்ந்து உன்னைப் பத்தி விசாரிக்கிறாங்க. அந்தம்மா உன்னைக் கிழி கிழின்னு கிழிக்குது!"

பேப்பர் திருத்திக்கொண்டிருந்த அபிநயா பேனாவைக் கீழே வைத்தாள்.

"மேடமா? அவங்களா?"

கும்பகோணத்தை ஒட்டிய அந்த ஸ்கூலில் இரண்டு பேரும் இங்கிலீஷ் டீச்சர்கள். அபிநயாவுக்குப் பூம்புகார். அப்பா பஞ்சநாதனுக்குக் கடல் தொழில். கடலுக்குப் போகிற குடும்பத்தில் கடலைத் தாண்டிப் போகிற முதல் ஆள் தானாக இருக்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை.

மாலத்தீவில் ஒரு தீவுப் பள்ளிக்கூடம் அவளை ஆன்லைனில் பாடம் நடத்தச் சொல்லிப் பார்த்து, திருப்திப்பட்டுவிட்டது. 'இப்ப வேலை பார்க்கிற இடத்துல ஒரு வார்த்தை கேட்டுட்டு ஆர்டர் அனுப்பறோம்' என்றிருந்தார்கள்.

அந்த ஒரு வார்த்தையில்தான் போன வருஷம் ஓமன் வேலை போனது. அங்கிருந்து பேசியவர் தமிழர். அண்ணாதுரையே ஃபோனை வாங்கி, "நல்ல பொண்ணுதாங்க. ஆனா பாதி நாள் ஆஸ்பத்திரியிலதான் கிடக்கும்" என்று முடித்துவிட்டார். அவர் ரைஸ் மில்காரர். ஸ்கூலும் அவருக்கு இன்னொரு மில்தான். நன்றாக நடத்துகிற டீச்சரை வெளியே விடுவாரா?

இந்தத் தடவை எதிர்முனையில் முழுக்க இங்கிலீஷ். இங்கிலீஷ் மீடியம் நடத்தினாலும் அண்ணாதுரைக்கு அது அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் புரியும். அதனால் ஜகதாம்பாளைப் பேசச் சொல்லிவிட்டு, ஒழுங்காகக் கெடுக்கிறாரா என்று பார்க்கப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

"வேற என்ன சொன்னாங்க?" என்றாள் அபிநயா.

"இன்னும் என்ன சொல்லணும்? நம்மளை நெல்லு மூட்டைன்னு நினைச்சுட்டாங்க. கோடவுன்லயே அடுக்கி வெச்சுப் பூட்டணுமாம். நல்லவேளை, நான் இன்னும் எங்கயும் அப்ளை பண்ணலை."

சாயந்திரம் அபிநயா ஹெட்மிஸ்ட்ரஸ் முன்னால் போய் நின்றாள்.

"நான் உங்களுக்கு என்ன மேடம் தப்பு பண்ணினேன்?"

ஜகதாம்பாள் ஃபைலிலிருந்து நிமிரவில்லை. "கேட்டாங்க. உள்ளதைச் சொன்னேன். பொய் சொல்ல எனக்கு வராது."

"மேடம்..."

"பஸ்ஸை விட்டுடப் போறே. கிளம்பு."

இரண்டு பஸ் மாறி, ஜன்னலோரம் முகத்தைத் திருப்பி வைத்துக்கொண்டே வீடு போய்ச் சேர்ந்தாள். அப்பாவிடம், "இந்தத் தடவையும் இல்லப்பா" என்று மட்டும் சொன்னாள். பஞ்சநாதன் அவள் தட்டில் பெரிய மீன் துண்டாகப் பார்த்து எடுத்து வைத்தார்.

அடுத்த வாரம் ஆர்டர் வந்தது.

அபிநயா இரண்டு தடவை படித்தாள். பிறகு பர்வினைப் படிக்கச் சொன்னாள். அண்ணாதுரை விஷயம் கேள்விப்பட்டு ஆபீஸ் ரூமுக்குள் பாய்ந்தார்.

"என்ன மேடம், அவ்வளவு சொல்லியும் எடுத்துட்டாங்க?"

"எனக்கும் அதான் சார் புரியலை. நீங்களும் பக்கத்துலதானே இருந்தீங்க? ஒரு வார்த்தை நல்லதா சொன்னேனா?"

அண்ணாதுரை யோசித்துப் பார்த்தார். சொல்லவில்லைதான்.

"அந்த ஊர்ல ஆளே கிடைக்கலை போல," என்று முணுமுணுத்தபடி மில்லுக்குக் கிளம்பினார்.

மத்தியானம் மாலத்தீவுப் பிரின்சிபால் கூப்பிட்டார். பேச்செல்லாம் இங்கிலீஷில்தான். பர்வினும் கேட்கட்டும் என்று அபிநயா ஸ்பீக்கரில் போட்டாள். எப்போது வர முடியும், எங்கே தங்குவது எல்லாம் பேசி முடித்த பிறகும் அவளுக்கு மனசு ஆறவில்லை.

"மேடம், எங்க ஸ்கூல்ல என்னைப் பத்தி நல்லவிதமா சொல்லலைன்னு கேள்விப்பட்டேன்..."

எதிர்முனையில் பெரிய சிரிப்பு.

"அம்மாடி! அத்தனை குறையை நான் யாரைப் பத்தியும் கேட்டதில்லை. பெல் அடிச்சாலும் கிளாஸை விட்டு வெளியே வர மாட்டீங்களாமே? பதிலை போர்டில் எழுதிப் போடச் சொன்னா, பசங்களையே யோசிச்சு எழுத வைக்கிறீங்களாம். லைப்ரரியைத் திறந்து விடுங்கன்னு மேனேஜ்மென்ட்டோட சண்டையாம். மார்க் குறைஞ்ச பையனை வெளியே அனுப்பவே விட மாட்டீங்களாம். உங்க ஹெட்மிஸ்ட்ரஸ் அவ்வளவு கோபமா சொன்னாங்க!"

அபிநயா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"பார்த்தியா அபி, அந்தம்மாவை நான் என்னென்ன திட்டிட்டேன்!" என்று கிசுகிசுத்தாள் பர்வின்.

பிரின்சிபால் இன்னும் முடிக்கவில்லை.

"ஃபோனை வைக்கிறதுக்கு முன்னாடி இன்னொண்ணும் சொன்னாங்க. 'இதைவிட மோசமான கேஸ் ஒண்ணு இங்கே இருக்கு மேடம். பேரு பர்வின். உங்க ஸ்கூல்ல அடுத்த இடம் எப்போ காலியாகும்?'"