பாக்கெட்டுக்குள் ஒரு கை

பள்ளிக்கூட வாசலில் காவல்காரி ஒரு மாணவியின் பையைத் துழாவுகிறாள். ஒன்றுமில்லை. ஆனால் சீருடைப் பாக்கெட்டுக்குள் போன வலது கை மட்டும் வெளியே வர மறுக்கிறது. மடியில் கனமில்லையென்றால் வழியில் ஏன் பயம்? நேற்று இதே வாசலில் கூடப் படிக்கும் மூன்று பெண்கள் இவள் முடியைப் பிடித்து உலுக்கியபோது விலக்கிவிட்டவளும் இந்தக் காவல்காரிதான். “கையில என்னடி ஒளிக்கிற?” மணி அடிக்கிறது. பிள்ளைகள் உரசிக்கொண்டு ஓடுகிறார்கள். கை மெல்ல வெளியே வந்து விரிகிறது. முனை தீட்டிய காம்பஸ். “உங்ககிட்ட குடுக்கத்தான் நின்னேன்க்கா. இன்னைக்கும் அவளுங்க வம்புக்கு வருவாளுங்க. அப்ப இது எங்கிட்ட இருக்கக் கூடாது.” காவல்காரி வாங்கிக்கொள்கிறாள். சந்தேகம் மட்டும் விடவில்லை. “இன்னொரு கையையும் காட்டு.” காட்டுகிறாள். காலி உள்ளங்கையில், அவளே அழுத்திக்கொண்ட நான்கு நகத்தடங்கள்.